அங்கே கலக்கச் சண்டை, இங்கே நீக்கச் சண்டை

அமெரிக்க அரசியலைப் பற்றி இந்தத் தடவை எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர், "புளி கரைக்கிறவளுக்கு வாஷிங்டன் சமாசாரம் எதுக்கு?" என்று கேட்டார். உங்களில் சிலருக்கும் அப்படித் தோன்றலாம். அங்கே யார் ஜனாதிபதியாக வந்தாலும் விடிந்தால் நாம் பால் காய்ச்சத்தான் வேண்டும்; பிள்ளைகளுக்கு டிபன் டப்பா கட்டத்தான் வேண்டும்.

ஆனால் சகோதரிகளே, இந்தத் தடவை அவர்கள் சண்டை போட்டுக் கொள்வது ஏவுகணையைப் பற்றி அல்ல, எண்ணெய்க் கிணற்றைப் பற்றியும் அல்ல. குடிதண்ணீரைப் பற்றி! குழாயையும் குடத்தையும் பற்றிப் பேச நம்மைவிடத் தகுதி உள்ளவர்கள் யார் இருக்கிறார்கள்?

விஷயம் இதுதான். அமெரிக்காவில் பல ஊர்களில் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பைக் கொஞ்சமாகக் கலந்து விடுகிறார்கள். பல் சொத்தையாகாமல் இருப்பதற்காக. 2022-ம் வருஷக் கணக்குப்படி சுமார் 20 கோடி ஜனங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். 2025 மார்ச் மாதம் யூட்டா என்ற மாநிலத்தில், "இனி பொதுத் தண்ணீரில் இதைக் கலக்கக் கூடாது" என்று சட்டம் போட்டு விட்டார்கள். மே 7-ந் தேதி அது அமலுக்கு வந்தது. இப்படித் தடை போட்ட முதல் மாநிலம் அதுதான். அதைப் பார்த்து ஃபுளோரிடா மாநிலமும் ஜூலை 1 முதல் தடை போட்டது. (ஃபுளோரிடாவுக்கும் ஃபுளோரைடுக்கும் சம்பந்தம் ஒன்றும் கிடையாது, பெயர்தான் ஒட்டிக்கொண்டது போல இருக்கிறது!)

என் நாத்தனார் மகள் அந்த யூட்டாவில்தான் இரண்டு பிள்ளைகளோடு குடித்தனம் நடத்துகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டவள், "அத்தை, இங்கே தண்ணியிலே ஃபுளோரைடு போடறதை நிறுத்திட்டாங்க. பசங்க பல்லு கெட்டுப் போயிடுமோன்னு பயமா இருக்குது" என்றாள்.

பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொண்டிருந்த என் மாமியார் நிமிர்ந்து பார்த்தார். எழுபத்தெட்டு வயது அவருக்கு. "ஏன் கண்ணு, அது இருக்குதுன்னுதானே நம்மூர்லே அத்தனை பேரு பல்லும் காவி பூத்துப் போச்சு? அதை அங்கே காசு குடுத்து வாங்கிப் போடறாங்களா?" என்று கேட்டார்.

பேத்திக்கும் பாட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு, இரண்டு பேர் சொல்வதும் உண்மை என்றுதான் பட்டது. ஒரே பொருள். அங்கே இல்லை என்று கவலை. இங்கே இருக்கிறது என்று கவலை. இதை அடுத்தாற்போல நாலு பேரிடம் கேட்டும், படித்தும் தெரிந்து கொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்து கொள்ளப் போகிறேன். ஏனென்றால் இப்போது இந்த அமெரிக்கச் சண்டை வாட்ஸ்அப் வழியாக நம் சமையலறைக்குள்ளும் வந்து விட்டது. "அமெரிக்காவே தடை செய்த விஷம்!" என்று ஒரு செய்தி. "அமெரிக்காவில் பல்லுக்காகத் தண்ணீரில் சேர்க்கிறார்கள், நம் தண்ணீரில் அது இயற்கையாகவே இருப்பது அதிர்ஷ்டம்!" என்று இன்னொன்று. தர்மபுரிப் பக்கத்தில் பிள்ளை வளர்க்கிற ஒரு தாய் இதில் எதை நம்பினாலும் நஷ்டம் அவள் பிள்ளைக்குத்தான்.

இதில் முக்கியம் அளவு. குழம்பில் உப்பு மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும், ஒரு கை கூடினால் வாயில் வைக்க முடியாது. அமெரிக்காவில் கலக்கச் சொன்ன அளவு, 2015-ல் நிர்ணயித்தபடி, லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். அதாவது ஒரு மில்லிகிராம் கூட இல்லை. நம் நாட்டுக் குடிநீர்த் தர நிர்ணயப்படி 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக் கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லையும் 1.5 தான். தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் இந்த 1.5-ஐத் தாண்டியவை ஏராளம். சில இடங்களில் அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூட உண்டு. யாரும் கொண்டு வந்து கொட்டியதில்லை. நம் பூமிக்கு அடியில் இருக்கும் பாறையே அப்படிப்பட்டது. அதில் ஊறி நிற்கும் தண்ணீரில் அது கரைந்து வருகிறது.

இன்னொரு நுணுக்கத்தையும் கவனியுங்கள். அமெரிக்காவில் 1962-ல் விதி வகுத்தபோது, குளிர்ப் பிரதேசத்துக்கு ஒரு அளவு, வெயில் பிரதேசத்துக்கு அதைவிடக் குறைந்த அளவு என்று வைத்தார்கள். காரணம், வெயில் ஊர்க்காரர்கள் தண்ணீர் ஜாஸ்தி குடிப்பார்கள். சித்திரை வெயிலில் கல் உடைக்கிறவரும், களை எடுக்கிறவளும், கரும்பு வெட்டுகிறவரும் எத்தனை செம்பு தண்ணீர் குடிப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா? ஆக, தண்ணீரில் அளவும் அதிகம், குடிப்பதும் அதிகம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அமெரிக்காவில் ஃபுளோரைடு கதை ஆரம்பித்ததே நம் ஊரில் இருப்பது போன்ற காவிப் பல்லில்தான்! 1901-ம் வருஷம் கொலராடோ மாநிலத்துக்கு வேலைக்குப் போன ஃப்ரெடரிக் மெக்கே என்ற பல் டாக்டர், அந்த ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை இருப்பதைப் பார்த்தார். எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. முப்பது வருஷம் விடாமல் தேடினார் மனிதர். 1931-ல்தான், ஒரு அலுமினியக் கம்பெனியின் ரசாயன நிபுணர் தண்ணீரைப் பரிசோதித்து ஃபுளோரைடுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். அப்போது இன்னொன்றும் தெரிந்தது. கறை பிடித்த அந்தப் பல்லில் சொத்தை குறைவு! அப்படியானால் கறை பிடிக்காத அளவுக்குக் கொஞ்சமாக இருந்தால் நல்லதுதானே என்று கணக்குப் போட்டு, 1945 ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராபிட்ஸ் என்ற ஊரில் முதன்முதலாகக் கலக்க ஆரம்பித்தார்கள்.

இங்கே நம் பக்கம் என்ன நடந்தது? 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர்ப் பக்கத்தில், முதுகு வளைந்து மூட்டு இறுகிப் போன ஜனங்களைப் பரிசோதித்து, தண்ணீரில் உள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்று மருத்துவ நிபுணர்கள் எழுதி வைத்தார்கள். ஆக, அவர்கள் கண்டுபிடித்து ஆறே வருஷத்தில் நமக்கும் தெரிந்து விட்டது. தெரிந்து என்ன பிரயோஜனம்? ஆற்றுத் தண்ணீர் தர்மபுரிக்கு வர அதற்கப்புறம் எழுபத்தாறு வருஷம் பிடித்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அந்த எழுபத்தாறு வருஷத்தில் எங்கள் ஜனங்கள் பட்ட பாட்டை, வெளியூர்ச் சகோதரிகளுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல்லில் கறை என்றால் "சரியாகத் தேய்க்க மாட்டாள் போலிருக்கிறது" என்று பேசுவார்கள். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது, செங்கல் பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது. அது மேலே படிந்த அழுக்கு இல்லை. ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே உள்ளே ஏறிய கறை. எங்கள் ஊரில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பெண்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். வெட்கம் என்று நினைப்போம். வெட்கம்தான், ஆனால் பல்லைக் குறித்த வெட்கம். பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்து விட்டுப் போய், "பல்லுதான்..." என்று இழுத்துச் சொல்லி அனுப்பிய சம்பந்தங்களும் உண்டு. அந்தப் பெண் செய்த குற்றம், தன் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தது ஒன்றுதான்.

பல்லோடு போனாலும் பரவாயில்லை. வருஷக்கணக்காகக் குடித்தால் எலும்பிலும் ஏறுகிறது. என் மாமியாரால் குனிந்து கோலம் போட முடியாமல் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. "வயசாச்சு" என்பார். அவர் முதன்முதலில் அப்படிச் சொன்னபோது அவருக்கு ஐம்பத்தைந்து கூட ஆகவில்லை.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். கலக்க ஆரம்பித்த நாளிலிருந்தே அங்கே சண்டைதான். 1950-களில், "இது நம் மூளையை மழுங்க வைக்கக் கம்யூனிஸ்டுகள் செய்யும் சதி" என்று கூடச் சிலர் கிளப்பி விட்டார்கள். நம் ஊரில் அம்மை ஊசி போட வந்தவர்களைப் பார்த்து ஓடி ஒளிந்த கதை போலத்தான். படித்த நாடாயிருந்தால் என்ன, பயம் எல்லோருக்கும் ஒன்றுதானே!

ஆனால் அவர்கள் சண்டை போடும் விதத்தில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. பல ஊர்களில் இதை ஜனங்களின் ஓட்டுக்கே விட்டு விடுகிறார்கள். "உங்கள் தண்ணீரில் இதைக் கலக்கலாமா, வேண்டாமா?" என்று வாக்குச்சீட்டிலேயே கேள்வி இருக்கும். ஆரகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் என்ற பெரிய நகரம். அங்கே நகரசபை கலக்கலாம் என்று முடிவு செய்தது. ஜனங்கள் கையெழுத்து வேட்டை நடத்தி, ஓட்டெடுப்புக்குக் கொண்டு வந்து, 2013 மே மாதம் "வேண்டாம்" என்று தோற்கடித்து விட்டார்கள். நூற்றுக்குச் சுமார் அறுபது பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். நாத்தனார் மகள் இருக்கும் சால்ட் லேக் பக்கத்திலோ நேர்மாறு. 2000-ல் ஓட்டெடுப்பு வைத்து, "வேண்டும்" என்று ஜனங்கள் சொன்னார்கள். அப்படி அவர்கள் கேட்டு வாங்கியதைத்தான் 2025-ல் மாநிலச் சட்டசபை ஒரே சட்டத்தில் நிறுத்தியது. "நாங்க ஓட்டுப் போட்டதுக்கு என்ன அர்த்தம்னு பக்கத்து வீட்டம்மா கேக்கறாங்க அத்தை" என்று அவள் சொன்னபோது, இந்தக் குறை நம் ஊரில் மட்டும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கொண்டேன்.

2025-ல் அமெரிக்காவின் சுகாதார மந்திரியாகப் பொறுப்பேற்றவர் ராபர்ட் கென்னடி ஜூனியர். சுட்டுக் கொல்லப்பட்ட ஜனாதிபதி ஜான் கென்னடியின் தம்பி மகன். அவர் ஃபுளோரைடு கலப்பதற்கு எதிரி. யூட்டாவுக்கே போய் அந்தச் சட்டத்தைப் பாராட்டினார். அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கமோ, "நிறுத்தாதீர்கள், பிள்ளைகளின் பல் போய்விடும்" என்கிறது. அதற்கு அவர்களிடம் ஆதாரமும் இருக்கிறது. அலாஸ்காவில் ஜூனோ என்ற ஊரில் 2007-ல் கலப்பதை நிறுத்தினார்கள். பிறகு கணக்கெடுத்துப் பார்த்தபோது, சர்க்கார் மருத்துவ உதவியை நம்பியிருந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பல் சொத்தை சிகிச்சை அதிகமாகியிருந்தது. பணக்காரப் பிள்ளைக்குப் பல் டாக்டர் இருக்கிறார். ஏழைப் பிள்ளைக்குக் குழாய்தான் பல் டாக்டர்!

சரி, எதிர்ப்பவர்கள் சொல்வதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அந்த இடத்தில்தான் நம் பெயர் வருகிறது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டத்தார் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள தண்ணீருக்கும், பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவதற்கும் தொடர்பு தெரிகிறது என்று ஓரளவு உறுதியாகச் சொன்னார்கள். தங்கள் நாட்டில் கலக்கும் 0.7 அளவில் அந்தப் பாதிப்பு உண்டா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றும் சேர்த்தே சொன்னார்கள். அடுத்த மாதமே சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு நீதிபதி, இதைச் சுற்றுச்சூழல் இலாகா கவனித்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

அவர்கள் அலசிய அந்த ஆராய்ச்சிகள் எந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்துச் செய்தவை? சீனா, மெக்சிகோ, ஈரான், பாகிஸ்தான், கனடா, நம் இந்தியா. தண்ணீரில் இயற்கையாகவே ஃபுளோரைடு மிகுந்த ஊர்ப் பிள்ளைகள் அதில் நிறைய. அதாவது நம் மாதிரி ஊர்ப் பிள்ளைகள்! அமெரிக்கத் தாய்மார் தங்கள் குழந்தைக்கு 0.7-ல் ஆபத்து உண்டா என்று கோர்ட்டில் வாதாடுகிறார்கள். 1.5-க்கு மேல் என்ற வாக்கியத்தைப் படிக்கும்போது எனக்கு எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் கண் முன்னால் வந்தார்கள். சந்தேகம் அவர்களுக்கு, அளவு நமக்கு.

இனி நம் தண்ணீர்க் கதை. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற ஒகேனக்கல் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வெளியூர் ஜனங்கள் பரிசலில் போய் அருவியைப் பார்த்து, மீன் வறுவல் சாப்பிட்டுப் போவார்கள். அதே ஆற்றுக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டரில் இருப்பவர்கள் பாறைத் தண்ணீரைக் குடித்துப் பல் கெட்டார்கள். அந்த ஆற்று நீரைக் குழாயில் கொண்டு வர வேண்டும் என்பது பல காலக் கோரிக்கை. 1998-ல் மத்திய அரசு முன்னிலையில் கர்நாடகமும் தமிழ்நாடும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். உடனே கர்நாடகத்தில் எதிர்ப்பு. தமிழ்ப் படம் ஓடிய தியேட்டர்களைத் தாக்கினார்கள். இங்கே சென்னையில் நடிகர், நடிகையர் உண்ணாவிரதம் இருந்தார்கள். கர்நாடகத் தேர்தல் முடியட்டும் என்று அன்றைய முதல்வர் கருணாநிதி திட்டத்தைத் தள்ளி வைத்தார். பிறகு ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு வேலை நடந்தது. செலவு சுமார் 1,900 கோடி ரூபாய். 2013 மே மாதம், அன்றைய முதல்வர் ஜெயலலிதா திறந்து வைத்தார். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்துத் திட்டம். இரண்டும் 2004 வரை ஒன்றாக இருந்த மாவட்டம்தானே.

மாதத்தைக் கவனித்தீர்களா? போர்ட்லண்ட் ஜனங்கள் "எங்கள் தண்ணீரில் ஃபுளோரைடு வேண்டாம்" என்று ஓட்டுப் போட்ட அதே 2013 மே மாதத்தில்தான் எங்களுக்கு ஃபுளோரைடு இல்லாத ஆற்றுத் தண்ணீர் திறந்து விடப்பட்டது. அவர்கள் ஒரு வாக்குச்சீட்டில் முடித்த காரியத்துக்கு நமக்கு இரண்டு மாநிலச் சண்டை, ஒரு உண்ணாவிரதம், ஒரு அயல்நாட்டுக் கடன், எழுபத்தாறு வருஷம்!

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். குழாயில் என்ன வருகிறது என்பதை ஆண்டவன் தீர்மானிப்பதில்லை, பாறையும் தீர்மானிப்பதில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கிறவர்கள் தீர்மானிக்கிறார்கள். அமெரிக்காவில் நகரசபைக் கூட்டங்களில் சாதாரணக் குடும்பத் தலைவி கூட மைக் முன்னால் போய் இரண்டு, மூன்று நிமிஷம் பேசலாம். வேண்டும் என்று பேசுகிறவளும் தாய்தான், வேண்டாம் என்று பேசுகிறவளும் தாய்தான். யார் சொல்வது சரி என்பதைக் காலம் சொல்லட்டும். பேசுகிறார்களே, அது பெரிது. கூடவே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. அளவு தெரியாமல் "விஷம், விஷம்" என்று கத்துகிறவர்களும் அந்த மைக் முன்னால் வருகிறார்கள். எண்ணைக் கையில் வைத்துக் கொண்டு பேசினால்தான் பேச்சுக்கு மரியாதை.

ஆகவே அவர்கள் சண்டையைக் கடன் வாங்காமல், நம் குழாயின் எண் என்ன என்று முதலில் கேட்போம். ஆற்றுத் தண்ணீர் வந்து விட்டதே, இனி கவலை என்ன என்று இருக்க வேண்டாம். சில இடங்களில் ஆற்று நீர் போதாமல் ஆழ்துளைக் கிணற்று நீரையும் தொட்டியில் ஏற்றிக் கலந்து விடுகிறார்கள். நிறத்திலோ, வாசனையிலோ, ருசியிலோ ஃபுளோரைடைக் கண்டுபிடிக்க முடியாது. பரிசோதனை ஒன்றுதான் வழி. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்கு ஐந்து பேருக்கு, அதுவும் பெண்களுக்கே முதலிடம் கொடுத்து, தண்ணீரைச் சோதிக்கும் சிறு பெட்டியைக் கொடுத்துப் பயிற்சி தர வேண்டும் என்பது விதி. உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று விசாரியுங்கள். இல்லையென்றால் நீங்களே ஒருவராகச் சேருங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்திலும் கொடுத்துப் பார்க்கலாம்.

இளம் தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள். எட்டு வயது வரை நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக் கொண்டிருக்கும். அந்த வயதில் குடிக்கும் தண்ணீர்தான் பல்லின் தலையெழுத்து. ஆகவே வீட்டில் நல்ல தண்ணீர் ஒரே ஒரு குடம்தான் கிடைக்கிறது என்றால், அது முதலில் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும். தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிக மிகக் குறைவு. தண்ணீரில் எவ்வளவு இருந்தாலும் தாய் வடிகட்டித்தான் கொடுக்கிறாள்! பால் பவுடரைக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய் விடும்.

தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். சாதாரண மெழுகுவர்த்தி ஃபில்டரிலும் போகாது. குடிப்பதற்கு மட்டும் நல்ல தண்ணீர், சமையலுக்குக் கிணற்றுத் தண்ணீர் என்று பிரிக்காதீர்கள். களி கிண்டுவதும், பருப்பு வேக வைப்பதும் வயிற்றுக்குள்தானே போகிறது. மழைத் தண்ணீரில் ஃபுளோரைடு அநேகமாக இல்லை. மாடியைக் கழுவி விட்டு, முதல் மழையை விட்டு, அடுத்த மழையைச் சுத்தமாகப் பிடித்துக் காய்ச்சி வைத்துக் கொள்ளலாம்.

சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்தும், வைட்டமின் சி-யும் இருந்தால் உடம்பு ஃபுளோரைடை ஓரளவு எதிர்த்து நிற்கும். நம் கேழ்வரகு இருக்கும்போது கவலை என்ன? நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. பால், மோர், கீரை, நெல்லிக்காய், கொய்யா சேருங்கள். என் வீட்டுக்காரருக்கு ஒரு பதில்: ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2002-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், புளி சேர்த்துச் சாப்பிட்ட சிறுவர்களுக்குச் சிறுநீர் வழியாக ஃபுளோரைடு அதிகமாக வெளியேறியதாகக் கண்டார்கள். புளி கரைக்கிறவளுக்கும் இதில் சம்பந்தம் உண்டு! அதற்காகப் புளி ஒன்றே மருந்து என்று நினைத்து விட வேண்டாம். நல்ல தண்ணீர்தான் மருந்து. பால் சேர்க்காத கறுப்பு டீ, பாக்கு, புகையிலை இவற்றில் ஃபுளோரைடு ஏறுவதால் குறைத்துக் கொள்வது நல்லது.

பற்பசை விஷயத்தில் பயப்படாமல், பல் டாக்டரைக் கேட்டு நடங்கள். உங்கள் ஊர்த் தண்ணீரில் அளவு கூடுதலா என்பதை அவரிடம் சொல்லுங்கள். சிறு குழந்தைக்குப் பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம்; விழுங்காமல் துப்பக் கற்றுக் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு, முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொடுவதும், தாடையை நெஞ்சில் படும்படி இறக்குவதும், கையை விரித்துப் பின் தலையைத் தொடுவதும் கஷ்டமாக இருந்தால், "வயசாச்சு" என்று விட்டு விடாமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். காரணம் வேறாகவும் இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. நம் தமிழ்நாட்டில் கிராம சபை 2022-லிருந்து வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். நமக்கென்றே வைத்தது போல! டவுனில் இருப்பவர்களுக்கு வார்டு கவுன்சிலர் இருக்கிறார். அங்கே போய்ப் பெரிய பிரசங்கம் ஒன்றும் செய்ய வேண்டாம். மூன்று கேள்விகள் போதும். "எங்கள் குழாய்த் தண்ணீரை எப்போது சோதித்தீர்கள்? ஃபுளோரைடு எவ்வளவு? தொட்டியில் எந்தத் தண்ணீரை எவ்வளவு கலக்கிறீர்கள்?" பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பள்ளிக்கூடத்துச் சுவரிலும், ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டச் சொல்லுங்கள். ஒருத்தி கேட்டால், "வீட்டு வேலை இல்லையா?" என்பார்கள். பத்துப் பேர் கேட்டால் நோட்டுப் புத்தகத்தைத் திறப்பார்கள்.

நம் பெண்கள் முந்தானையால் மறைக்காமல் வாய் விட்டுச் சிரிக்க வேண்டும். அதற்கு அமெரிக்க ஜனாதிபதியின் உத்தரவு தேவையில்லை. உங்கள் ஊரில் என்ன பதில் கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள்.